எடுப்பு நேரத்தில் குறித்த விசாரணை நாள்

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம். போடியிலிருந்து முதல் பஸ்சைப் பிடித்து முன்சீப் கோர்ட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் இறந்தபின், போடிமெட்டுக்குக் கீழே இருந்த எங்கள் ஏலக்காய்த் தோட்டத்தை நான்தான் பார்த்துவந்தேன். ரோட்டிலிருந்து அதற்குப் போக ஒரே பாதைதான், அதுவும் என் கொழுந்தனார் தோட்டத்தின் வழியாக. ஏதோ வாய்ச்சண்டையில் அவர் அங்கே முள்வேலி போட்டுவிட்டார். அன்றிலிருந்து பச்சைக் காய் மூட்டைகளை ஆட்கள் ஓடைப் பாறையில் வழுக்கி வழுக்கித் தலைச்சுமையாக இறக்கினார்கள். பாதை கிடைக்காவிட்டால் தோட்டத்தை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான்.

பாதையைத் திறந்துவிடச் சொல்லி நான் அவர்மேல் போட்ட வழக்கு வாய்தா மேல் வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது. அன்று வந்திருந்தவர் புது நீதிபதி. பத்திரங்களை இந்த மாதத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும், சாட்சிகள் யார் என்று அடுத்த மாதத்துக்குள் சொல்லவேண்டும், ஐப்பசி நடுவில் விசாரணை என்று மளமளவென்று சொல்லிக்கொண்டே போனார். இனி வாய்தா கிடையாது, சாட்சியோடு வராதவர் வழக்கை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். இரண்டு வக்கீல்களும் தலையாட்டினார்கள்.

ஐப்பசியில் காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும். ஒரு சுற்று எடுப்பு தவறினால் காய் பழுத்து வெடித்துவிடும். அந்தப் பாதையில் காலங்காலமாக நடந்தோம் என்று எனக்காகச் சாட்சி சொல்லவேண்டியவர்களே காய் எடுக்கும் பெண்கள்தான். வக்கீலின் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தேன். "சும்மா இரும்மா, அன்னைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நீதிபதி சொன்னது இந்த மனிதர் காதில் விழுந்ததா இல்லையா என்று எரிச்சலாக வந்தது.

உட்கார முடியவில்லை. எழுந்தேவிட்டேன். "எசமான், அந்த நாளு வேண்டாங்கய்யா. காய் எடுக்குற நேரம். சாட்சி ஒருத்தியும் மலைய விட்டு எறங்க மாட்டா."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். வழக்கை இழுத்தடிக்கப் பார்க்கிறார்கள் என்று எதிர்வக்கீல் எழுந்தார். போச்சு, என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன் என்று நினைத்தேன்.

நீதிபதி எதிர்ப்பக்கம் நின்ற கொழுந்தனாரிடம் திரும்பினார். "உங்களுக்கும் ஏலக்காய்தானே? அந்த அம்மா சொல்றது உண்மையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு அவர் கையில். துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மதினி சொல்றது நெசந்தாங்கய்யா. ஐப்பசியில எனக்கும் மலையிலதான் சோலி."

வேலி போட்ட நாளிலிருந்து அவர் வாயில் மதினி என்ற சொல்லை நான் கேட்டதில்லை. கோர்ட்டில் நான் வாதி, அவர் பிரதிவாதி, அவ்வளவுதான்.

காய் எடுப்பெல்லாம் முடிந்திருக்கும் பங்குனிக்கு விசாரணையை மாற்றினார் நீதிபதி. அதுவரை எனக்கு நிம்மதியே இல்லை. எதற்காக அப்படிச் சொன்னார், இதில் என்ன சூது என்று மனசு குடைந்துகொண்டே இருந்தது. பங்குனியில் என் சாட்சிகள் இறங்கி வந்தார்கள். கொழுந்தனாரும் கூண்டில் ஏறி, "எங்க அண்ணன் இருக்கையிலயே நடந்த பாதைதாங்கய்யா" என்று ஒத்துக்கொண்டார். வெளியே வந்ததும், "வேலிய நானே பிரிச்சு விட்டுர்றேன் மதினி" என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பஸ்சுக்கு நடந்தார்.

பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரே மழையில் நனைந்துகொண்டிருந்த நாங்கள் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ள, யாரோ ஒரு நீதிபதி நாள் குறிக்க வேண்டியிருந்ததே என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.