நின்றுபோன எஸ்கலேட்டர்

தி.நகரில் பாதிக் கடைகள் மூடிக்கிடக்கும் அந்த மாலின் இரண்டாம் மாடியில் இப்போது முட்டிவலிக்குப் பிசியோதெரபி செய்கிறார்கள். அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். லிஃப்ட் வேலை செய்யவில்லை. எஸ்கலேட்டரும் நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

மால் திறந்த புதிது. எங்கும் பாப்கார்ன் வாசனை. ஓடும் படியில் கால்வைக்க அம்மா பயந்தாள். "மானத்த வாங்காத" என்று சீறிய அப்பா, என்னை மட்டும் மேலே இழுத்துப் போனார். நாங்கள் திரும்பி வரும்வரை அம்மா பட்டுப்புடவையோடு கீழேயே நின்றாள். கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"இப்டியே ஏறிக்கினு போ சார்," என்றார் காவலாளி, நின்றுபோன படிகளைக் காட்டி.

"முட்டிவலிக்காரங்க எப்படிய்யா ஏறுவாங்க?" என்று கத்தினேன்.

அம்மா என் கையைப் பிடித்தாள். "அவர ஏண்டா திட்ற? அன்னிக்கு மேலேர்ந்து நீயுந்தான் என்னப் பாத்து சிரிச்ச."

அது எனக்கு நினைவில்லை.