பியோ கீஉங் மறந்த தண்ணீர்

பியோ கீஉங்குக்குக் கோபம் வந்தால் ஏதாவது உடையும். தென்கொரியாவின் தேஜோன் நகரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கணினித் திரைகள், ஒரு கதவு. சுவரைக் குத்தியதில் ஒருமுறை அவருடைய சுண்டுவிரலே.

லேசர் ஒளியைக் குவித்து, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் மணியை அந்தக் குவியத்தில் பிடித்துவைப்பது என் வேலை. பிடிக்கும் விசையைக் கணினியில் கணக்கிடுவது அவர் வேலை. என் நுண்ணோக்கியில் மணி அசையாமல் நின்றது. அவர் கணக்கிலோ ஒளி அதை வெளியே தள்ளிவிட்டது.

மூன்று வாரம் பிழை தேடினார். ஒளிக்கற்றையை மாற்றிப் பார்த்தார். மிகச் சிறிய மணிக்கான எளிய சூத்திரத்தோடு ஒப்பிட்டார், அச்சாகப் பொருந்தியது.

"என் கணக்கு சரி. உன் கண்ணுலதான் கோளாறு, மின்ஹா" என்றார், மதியம் உணவகத்தில்.

"அண்ணே, ரெண்டு கணக்குக்கும் ஒரே எண்ணைத்தானே போட்டீங்க? அதுவே தப்பா இருந்தா ரெண்டும் சேர்ந்துதானே தப்பாகும்?"

"எனக்கே பாடமாடா?"

கொதிக்கும் சூப் கிண்ணம் என் கழுத்தில் வந்து விழுந்தது. அலறுவதற்குள் மேலே பாய்ந்துவிட்டார். மூன்றாவது குத்தில் என் தாடை முறியும் சத்தம் எனக்கே கேட்டது. வாயெல்லாம் ரத்தம். அவர் நிறுத்தவில்லை.

"விடுடா, செத்துடப்போறான்!" கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் சோயோன் அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவரையும் எட்டி உதைத்தார் கீஉங். அக்கா எழுந்து, இரும்பு முக்காலியைத் தூக்கி அவர் மண்டையில் போட்டார். அப்போதுதான் சாய்ந்தார்.

தையல் போட்ட தலையோடு காவல் நிலையத்தில் காகிதம் கேட்டாராம். மன்னிப்புக் கடிதம் என்று நினைத்து, காவலர் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து தந்தார்.

"மணியோட 1.59ஐ தண்ணியோட 1.33ஆல வகுக்கல. மணியோட ஒளிவிலகல் எண்ணை அப்படியே போட்டுட்டேன், தண்ணியை மறந்துட்டேன். காத்துல இருக்குற மணிக்குத்தான் இத்தனை நாளா கணக்குப் போட்டிருக்கேன். நீ கேட்டது சரி."

மன்னிப்பு என்ற சொல்லே அதில் இல்லை.

படுக்கையிலேயே மடிக்கணினியில் எண்ணை மாற்றி ஓட்டினேன். மணி குவியத்தை ஒட்டி நின்றது. தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கத்த முடியாமல் தலையணையை அடித்தேன்.

புகாரை நான் திரும்பப் பெறவில்லை. அவருக்கு எட்டு மாதம் சிறை. ஆய்வுக்கட்டுரையில் அவர் பெயரையும் சேர்த்தேன்; கணக்கு அவருடையது.

விடுதலையான வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "மென்னு சாப்பிட முடியுதா?"

"முடியுது" என்று அனுப்பினேன். அதற்குமேல் எழுத மனம் வரவில்லை.