கரிக்குக் கீழே இருந்த வெள்ளை

போன வருஷம் ஆடி மாதம், காரைக்கால் துறைமுகம் இருக்கும் கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போனவன் நான். இந்த வேலை பிடித்ததற்கு ஒரே காரணம், காலை ஒன்பது மணிக்குள் எல்லோர் முகமும் ஒரே கறுப்பாகிவிடும்.

எனக்கு இரண்டு கண்ணைச் சுற்றியும் இரண்டு முழங்கையிலும் வெண்புள்ளி. இந்தப் பக்கம் வந்தால் அந்தப் பக்கமும் அதே அளவில் வரும். ஒட்டாது, குஷ்டமும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் இதற்கு முன் மூன்று ஊர்களில், யாராவது உற்றுப் பார்த்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். இங்கே முழுக்கைச் சட்டை போட்டு, எல்லோரும் வருவதற்கு முன்பே வந்து, கரித்தூளை நானே முகத்தில் பூசிக்கொள்வேன். சாயங்காலம் குளிப்பதும் தங்கியிருக்கும் அறைக்குப் போன பிறகுதான்.

ஒருநாள் கண்ணில் தூள் விழுந்து துடித்தேன். கூட வேலை பார்க்கும் காரைக்கால்மேட்டு அண்ணன் ஓடி வந்து முகத்தில் தண்ணீர் ஊற்றி, தன் துண்டாலேயே துடைத்துவிட்டார். துடைத்த கை அப்படியே நின்றது.

"என்னப்பா இது? எத்தன நாளா?"

"பத்து வருஷமாண்ணே."

துண்டை அவர் திரும்பத் தோளில் போடவில்லை.

மதியம் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம். ஆளுக்கு ஒரு நாள் மீன்குழம்பு. அன்று என் முறை. கழுவிய என் முகத்தைப் பார்த்துவிட்டு யாரும் என் குழம்புத் தூக்கைத் தொடவில்லை.

"மீனையும் தயிரையும் சேத்துத் தின்னா வர்றது இது. ஒட்டிக்கும்" என்றார் ஒருவர்.

"பாம்பு எதையாச்சும் அடிச்ச பாவமா?" என்றார் இன்னொருவர். அண்ணன் குனிந்த தலையோடு வெறும் சோற்றைப் பிசைந்தார்.

கிளம்பிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. இன்னும் எத்தனை ஊருக்குத்தான் போவது? அங்கேயே உட்கார்ந்தேன்.

"நாலு மாசமா என் கொழம்பத்தான சாப்புடுறீங்க? கையக் கழுவிப் பாருங்க. யாருக்காச்சும் ஒரு புள்ளி இருந்தா நான் இப்பவே போயிடுறேன்."

பாம்பைப் பற்றிக் கேட்டவர் மெதுவாக எழுந்து குழாயடிக்குப் போனார். சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல. கரிதான் போவ மாட்டேங்குது."

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அண்ணன் தூக்கை இழுத்துக் குழம்பை ஊற்றிக்கொண்டார். "உப்பு பத்தல தம்பி" என்றார்.

தயிர் என்று சொன்னவர் இன்றுவரை என் குழம்பைத் தொடுவதில்லை. அதற்காக நான் என் முறையை விடுவதுமில்லை. சாயங்காலம் எல்லோரோடும் குழாயடியிலேயே குளிக்கிறேன். புள்ளி இப்போது கழுத்துக்கும் வந்துவிட்டது; ஆனால் அன்று எழுந்து போகாமல் உட்கார்ந்தேனே, இனி எந்த ஊருக்குப் போனாலும் அந்தத் தெம்பு எனக்குப் போதும்.