டிப்ரஷனில் வரைந்த பெண்

டெக்சாஸில் யாரும் நடக்க மாட்டார்கள். நடந்தால் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். எண்பதுகளின் தொடக்கத்தில், கல்யாணமாகி வந்த புதிதில், எனக்கு டிரைவ் பண்ணத் தெரியாது. நான் பாட்டுக்குப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டோரமாக நடப்பேன். ஆளாளுக்குக் காரை நிறுத்தி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்பார்கள். ஒரு உதவியும் வேண்டாம், போஸ்ட் ஆபீசுக்குப் போகிறேன், ஒரு மனுஷி நடக்கக் கூடாதா?

ஹூஸ்டனுக்கு வெளியே சின்ன ஊர் அது. என் கணவருக்கு கெமிக்கல் பிளான்ட்டில் வேலை. கறிவேப்பிலை வேண்டுமானால் ஹூஸ்டனில் இந்தியக் கடைகள் இருக்கிற ஹில்கிராஃப்ட்டுக்குப் போகணும், அதுவும் சனிக்கிழமை, அதுவும் அவர் மனசு வைத்தால். மற்ற நாட்களில் என் காலுக்கு எட்டிய ஒரே இடம் அந்த போஸ்ட் ஆபீஸ்தான். செங்கல் கட்டடம், உள்ளே வழவழவென்று கல் தரை, வரிசையாகப் பித்தளைப் பெட்டிகள். வெயிலுக்கு அதனுள் நுழைந்தால் ஜில்லென்று இருக்கும். ஸ்டாம்ப் வாங்குவதுபோல நின்றுகொண்டே இருப்பேன்.

போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே சுவர் அகலத்துக்கு ஒரு ஓவியம். பழுப்பு வானம், காய்ந்த வயல், நடந்து போகிற ஜனங்கள். அவர்களில் ஒருத்தி வெறுங்காலோடு, இடுப்பில் பெரிய மூட்டையை இடுக்கிக்கொண்டு, நேரே நம்மைப் பார்ப்பாள். நெற்றியைச் சுருக்கி, வாயை இறுக்கி, 'எவனாவது கிட்ட வந்து பாரு' என்கிற முகம்.

அட, அது எங்கள் அம்மா! முதல் நாள் பார்த்ததுமே ஸ்டாம்ப் வாங்க வந்ததையே மறந்துவிட்டேன். நிறம் வேறு, உடுப்பு வேறு, இருக்கட்டுமே. நான் பள்ளிக்கூடம் படிக்கையில் வேதாரண்யத்தில் எங்கள் வீட்டுக் கூரையைப் புயல் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் அம்மா நனைந்த துணியை எல்லாம் ஒரு புடவையில் மூட்டையாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, அண்ணனையும் என்னையும் முன்னால் விட்டு, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு நடந்தாள். அன்றைக்கு அவள் முகம் இதேதான். பரிதாபப்பட வந்தவர்கள்கூட ஒதுங்கிப் போனார்கள்.

இது எப்போது வரைந்த படம் என்று ஒருநாள் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் தைரியமாகக் கேட்டேன். அவள் சூயிங்கம்மை மென்றுகொண்டே, "ஓ, அதுவா? டிப்ரஷனில்" என்றாள்.

எனக்குப் புல்லரித்துப்போனது. எங்கள் ஊரில் மீன் விற்க வருகிறவள்கூட, "கடல்ல டிப்ரசன் போட்டிருக்காம்" என்பாள். டிப்ரஷன் என்றால் எங்களுக்குப் புயல்சின்னம், வேறொன்றும் கிடையாது. இங்கேயும் ஆகஸ்ட் வந்தால் டிவியில் வளைகுடாவில் டிப்ரஷன் என்றுதானே அலறுகிறான்? ஆக, இவளும் புயலுக்கு வீட்டைக் கொடுத்தவள். அதனால்தான் வானம் அந்த நிறம். அதனால்தான் மூட்டை.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். மனுஷன் சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தார். "டிப்ரஷன்னா புயல் இல்லடி, பஞ்சம். முப்பதுகள்ல ஊர்பூரா வேலை இல்லாம நின்ன காலம். கவர்மென்டே கூலி கொடுத்து பாலம், ஸ்கூல், போஸ்ட் ஆபீஸ்னு கட்ட வச்சுது. அவ இடுப்புல இருக்கறது பருத்தி மூட்டை."

"படம் வரையறவனுக்குமா கூலி கொடுத்தாங்க?"

"அவனுக்கும் வயிறு இருக்குல்ல?"

எங்கள் பக்கம் பஞ்ச நிவாரண வேலை என்றால் ஏரி வெட்டணும், ரோட்டுக்கு ஜல்லி உடைக்கணும். புயலுக்கு அப்புறம் ஜனங்கள் ஒதுங்கக் கட்டிய காப்பகத்தின் சுவரில் சுண்ணாம்பைத் தவிர ஒன்றுமில்லை. பட்டினி காலத்தில் ஒருவனுக்குக் கூலி கொடுத்து, இந்தா, உங்கள் ஜனங்களையே வரை என்று சொன்னார்களே! கேட்கக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. என் அம்மாவை யார் வரைந்தார்கள்? ஆனாலும் அவளை நான் பஞ்சத்துக்கு விட்டுக்கொடுக்கவில்லை. எனக்கு அவள் புயல்காரிதான்.

அம்மாவைப் பார்க்காமல் எனக்கு அங்கே இருக்கவே முடியவில்லை. கிரீன் கார்டு வராமல் வெளியே போனால் திரும்பி வருவது கஷ்டம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். அதனால் சுவரில் இருக்கிற இவளைப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். கணவரை நச்சரித்து அவளை மட்டும் பெரிசாக ஒரு போட்டோ எடுக்க வைத்தேன். கவரில் போட்டு ஊருக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தை எழுதவில்லை. தன் முகத்தை அம்மா தானே கண்டுபிடிக்கட்டும் என்று ஒரு வீம்பு.

அம்மாவுக்கு அப்போதே கண்ணில் புரை. அது எனக்குத் தெரியாது.

தெருக்கோடி மருந்துக்கடை போனுக்கு அம்மாவை வரச்சொல்லிப் பேசியபோது, எடுத்த எடுப்பில் அழுதாள். "போட்டோ வந்துச்சு பாப்பா. ஏன் இப்படி இளைச்சுப் போயிட்ட? ஏரோப்பிளேன்ல அழைச்சுட்டுப் போயி மூட்டை தூக்கவா விட்டிருக்காரு உன் புருஷன்?"

"ஐயோ அம்மா, அது நான் இல்ல. அது சுவத்துல இருக்கற படம்."

"காலுல செருப்புகூட இல்லையே!"

லைன் அறுந்துபோனது. அண்ணனுக்கு விவரமாக எழுதினேன். அவன் எடுத்துச் சொல்லியும் அம்மா நம்பவில்லையாம். "அவ மறைக்கிறாடா. கஷ்டத்த வெளிய சொல்ல மாட்டா, என் புத்தி அவளுக்கு" என்றாளாம். கணவருக்கு ரோஷம் வந்து, வெள்ளிச் சரிகைப் புடவையில் என்னைக் கார் பக்கத்தில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு அம்மா, யாரோ வீட்டுக் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிறாள் என்று சொன்னாளாம். நேரில் போய் நின்றால் ஒழிய அம்மாவுக்குத் தூக்கம் வராது என்று புரிந்தது. எனக்கும் வரவில்லை. கிரீன் கார்டு மட்டும் வந்தபாடில்லை. அம்மாவைத் தேடிப் போஸ்ட் ஆபீசுக்குப் போன நான், அதற்கப்புறம் அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்கப் பயந்தேன். அம்மா என்னை எப்படி நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதல்லவா அங்கே எழுதியிருக்கிறது!

ஒருவழியாகக் கார்டு வந்தது. அடுத்த வாரமே கிளம்பிவிட்டேன்.

அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து வந்து, முதலில் என் கையைத்தான் பிடித்துப் பார்த்தாள். தோள், கன்னம், இடுப்பு. ஆட்டுச் சந்தையில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். கடைசியில் குனிந்து என் காலைத் தடவினாள். செருப்பு இருந்தது. வாசலில் கழற்ற மறந்திருந்தேன். மற்ற நாளாக இருந்தால் அதற்கு ஒரு பாட்டம் திட்டு விழுந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்க" என்றாள். அப்புறம் தலையணைக்கு அடியிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்தாள். ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது. "அப்ப இவ யாரு?"

"யாரோம்மா. டிப்ரஷன்ல வரைஞ்ச படம்."

"புயல்லயா?" அம்மா போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். "அதான பாத்தேன். ஐயோ பாவம்."

கணவர் சொன்ன பஞ்சம், கவர்மென்ட் கூலி எல்லாம் என் வாய்வரை வந்தது. "ஆமாம்மா, புயல்தான்" என்றேன்.

"இவளப் பெத்தவ அப்புறம் இவளப் பாத்தாளா?"

"பாத்தாம்மா."

டெக்சாஸுக்குத் திரும்பும் நாள் வந்தபோது, என் கழுத்துவரை தெளிவாகத் தெரிகிற போட்டோ ஒன்றை அம்மாவிடம் கொடுத்து, "இத வச்சுக்கம்மா, அதக் குடு, யாரோ ஒருத்தி படம் எதுக்கு?" என்றேன்.

என் போட்டோவை அண்ணனிடம் நீட்டினாள். அந்தப் பெண்ணின் போட்டோவைத் தலையணைக்கு அடியில் திரும்ப வைத்துக்கொண்டாள்.

"நீ போயிடுவ" என்றாள். "இவ இங்கயே கெடக்கட்டும்."