மூக்குத்துணி உலர்த்திய அறை

அந்த வருஷம் குற்றாலத்தில் சாரலும் காய்ச்சலும் ஒன்றாக வந்தன. அருவிக்கு வந்த கூட்டம் இருமிக்கொண்டே சத்திரங்களில் படுத்தது. பிறகு வண்டி வண்டியாகத் தென்காசிக்கு, எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தது. முப்பதுகளின் நடுவில் என்று நினைவு. டாக்டர் அதை இன்புளுயன்சா என்றார், ஊர் விஷக்காய்ச்சல் என்றது. நான் நர்சாகச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. பயம் இருந்தது, ஆனால் என் வாய் அதைவிடப் பெரிது.

எனக்கு மூத்த நர்சை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் நிறைமாசம். பிரசவத்துக்குக் கூட்டிப்போகக் கடையத்திலிருந்து பெற்றவர்கள் வருவதாக இருந்தது. அதற்குள் அங்கேயும் வீட்டுக்கு வீடு காய்ச்சல். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இது வந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது அரிது என்று டாக்டர் எங்கள் எல்லார் முன்னாலும் சொன்னார். வார்டுப் பக்கமே அவள் தலைகாட்டக் கூடாது என்று உத்தரவு. சும்மா உட்கார முடியாது என்று அவள் சண்டை பிடித்ததில், பின்கட்டு அறையில் ஒரு வேலை கிடைத்தது. வார்டில் மூக்கும் வாயும் மூட நாங்கள் கட்டிக்கொள்ளும் மூக்குத்துணிகளைக் கொதிக்கவைத்து உலர்த்தவேண்டும். துணியை இடுக்கியால்தான் தொடுவாள். ஆஸ்பத்திரியிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று எல்லோரும் நம்பினோம்.

சாரல் காலத்தில் எங்கள் பக்கத்தில் எந்தத் துணி காய்ந்தது? செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அவள் ஜன்னல்களை அடைத்து, கும்மட்டி அடுப்பில் கரி போட்டு, மேலே கொடி கட்டி உலர்த்தினாள். வார்டிலோ ஜன்னலெல்லாம் திறந்தே இருக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோயாளிகள் கம்பளிக்குள், நாங்கள் நனைந்த கோழிகளாக. வேலை முடிந்ததும் அந்தக் கதகதப்புக்கு ஓடுவோம். ஈர மூக்குத்துணியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அடுத்தது காயும்வரை வெறும் முகத்தோடு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒரே சிரிப்பும் பேச்சும். ஊர்வம்பில் பாதி என் உபயம். நோயாளிக்கு முன்னால் மூடிய மூக்கை அவளுக்கு முன்னால் திறந்து வைத்தோம். ஒருவருக்கும் உறைக்கவில்லை. டாக்டரே அங்கே வந்துதான் காப்பி குடிப்பார்.

முதலில் வார்டு ஆயா படுத்தாள். பிறகு நான். கடைசியில் என் பக்கத்துக் கட்டிலுக்கு அக்காவையும் தூக்கிவந்தார்கள். அவளுக்கு மூச்சு இழுத்தது. நிமிர்ந்து நின்றவர் டாக்டர் ஒருவர்தான். அவருக்கும் இருமல் தொடங்கியிருந்தது. எங்களைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை.

அப்போதுதான் அந்தச் சுக்குக்காப்பிக்காரி வந்தாள். அருவிக்கரையில் வியாபாரம், இதே காய்ச்சலில் எங்களிடம் படுத்துப் பிழைத்துப் போனவள். கூடவே அப்படித் தேறிப்போன இரண்டு பெண்கள், அச்சன்புதூர்க்காரர்கள். டாக்டர் வாசலிலேயே தடுத்தார்.

"எனக்கு வந்துட்டுப் போயிட்டுல்லா, இனி அது என்னய என்ன செய்யும்? அங்கன நர்சம்மா மூச்சுக்குத் தவிக்காவ. வழிய விடுங்க டாக்டரையா," என்றாள்.

டாக்டர் வழி விட்டார். நான் கிடந்தபடியே பார்த்தேன். துணி கட்டிக்கொண்டு நாங்கள் பயந்து பயந்து நெருங்கிய இடத்தில் அவர்கள் வெறும் முகத்தோடு நடந்தார்கள். அக்காவைத் தோளில் சாய்த்து உட்காரவைத்தார்கள், சளியைத் துடைத்தார்கள், கஞ்சி ஊட்டினார்கள். ஒருமுறை நோய் வந்துபோன உடம்புக்குள் என்னதான் காவல் நிற்கிறதோ! கண்ணுக்குத் தெரியாத அதை நினைத்து எனக்குப் புல்லரித்தது. இன்றைக்கும் புல்லரிக்கிறது.

காய்ச்சல் இறங்குவதற்கு முன்பே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. பிள்ளையைக் கையில் வாங்கியவள் சுக்குக்காப்பிக்காரிதான். பெண் குழந்தை, நன்றாகவே அழுதது.

"பிள்ளயப் பாருங்க நர்சம்மா," என்று முகத்தருகே கொண்டுபோனாள்.

அக்கா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பெண்ணாகப் பிறந்ததில் வருத்தமோ என்று சுக்குக்காப்பிக்காரி திகைத்து நின்றாள். அக்கா முந்தானையால் வாயை அழுத்தி மூடிக்கொண்டு, ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டினாள். நின்றவளுக்குப் புரிந்துவிட்டது. குழந்தையின் பாதத்தை அந்தக் கையில் வைத்தாள்.

இருமல் விடும்வரை அக்கா தன் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தபடி, அந்தப் பாதத்தைத்தான் தினமும் பிடித்துக்கொண்டிருந்தாள்.