மடிப்புக்குள் போன அஞ்சலை

பேனர் வரைகிறவனுக்குக் கையைவிட வாய்தான் அதிகம் வலிக்கும்; அத்தனை நேரம் அதை இறுக்கி மூடிக்கொண்டிருக்க வேண்டும். தூரிகையால் பிழைக்கும் நண்பர்களே, உங்களுக்கும் தெரியும். எண்பதுகளில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் வேலை பார்த்தபோது வந்த ஒரு பேனரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இன்னும் ஆறவில்லை.

ஆர்டர்

திருவானைக்காவலில் ஒரு தெருவின் விழாக் கமிட்டிச் செயலாளர் வந்தார். மளிகைக் கடைக்காரர். பொங்கலுக்குத் தெருமுனையில் இருபதடி பேனர் வேண்டுமாம். தெருவில் எல்லாச் சாதியும் மதமும் ஒற்றுமையாக இருப்பதை ஊர் பார்க்க வேண்டுமாம். ஐயங்கார் மாமா, தையல்கடை பாய், கான்வென்ட் டீச்சர் என்று விரல்விட்டுச் சொன்னார். இடது ஓரத்தில் 'உபயம்' என்று அவர் கடைப் பெயர்.

கட்சிக்காரர்கள் முகத்தையே வரைந்து சலித்தவன் நான். சந்தோஷமாகிவிட்டது. தெருவைக் கூட்டும் அஞ்சலையம்மாவையும் வரையட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெரிய மனது பண்ணினார்.

"போடுங்க தம்பி. அவ இல்லாம இந்தத் தெரு ஏது?"

புடவை

மற்றவர்கள் போட்டோ கொடுத்தார்கள். கட்டம் போட்டுப் பெரிதாக்கிவிடலாம். அஞ்சலையம்மாவிடம் போட்டோவே இல்லை. அதனால் நேரில் வந்து நின்றார். தலைக்கு எண்ணெய் தடவி, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தார். ஒரு மணி நேரம் அசையவில்லை. கை எங்கே இருக்கட்டும் என்று கேட்டபோதுதான் வாய் திறந்தார்.

"எங்க வேணா வைங்க தம்பி. துடைப்பம் மட்டும் வேணாம். ஒருநாளாவது சும்மா நிக்கிறேன்."

ஆகவே அவரை வலது கோடியில் நிறுத்தி, அந்தக் கையை டீச்சர் கையோடு கோத்துவிட்டேன்.

தொப்பி

பாதி வேலையில் செயலாளர் பார்வையிட வந்தார். பெரிய மனிதர் என்றால் முகத்துக்கு ரோஸ் பூசுவது எங்கள் தொழிலின் வழக்கம். அதைக் கேட்டுத்தான் ஆரம்பித்தார்: மாமாவை இன்னும் சிவப்பாக்கு, டீச்சர் சிலுவையைப் பெரிதாக்கு, அஞ்சலை கையில் துடைப்பம் கொடு. நான் தலையை ஆட்டி மறுத்தேன். தொழுகைக்குத் தவிர பாய் தொப்பி போட்டு யாரும் பார்த்ததில்லை. அவருக்கும் தொப்பி வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன்.

"தொப்பி இல்லன்னா நம்ம ஆளு மாதிரியில்ல இருக்காரு!"

இரண்டடி

பேனரைக் கட்டுவது கமிட்டியின் பொறுப்பு. விழா அன்று காலை போய்ப் பார்த்தேன். தச்சர் செய்த மரச்சட்டம் துணியைவிட இரண்டடி குறைவு. மிஞ்சிய துணியை வலது பக்கம் மடித்துப் பின்னால் ஆணி அடித்திருந்தார்கள். மாமா இருந்தார். பாய் இருந்தார். டீச்சர் சிரித்தபடி ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டுக்கு அப்பால் ஆள் இல்லை.

அப்போதும் குரலை உயர்த்தாமல், இடது பக்கத்தை மடித்திருக்கலாமே என்றுதான் செயலாளரிடம் கேட்டேன்.

"அந்தப் பக்கம் கடைப் பேரு இருக்கே தம்பி, அத எப்படி மடிக்கிறது?"

ஆணி

ஏணியில் ஏறினேன். கீழே செயலாளர் கத்திக்கொண்டே இருந்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மடிப்பு அவிழ்ந்து, அஞ்சலையம்மா சட்டத்துக்கு வெளியே காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று கமிட்டி முழுக்கச் சொன்னது. அசிங்கம்தான், ஆனால் அவர்கள் சொன்ன அசிங்கம் வேறு, நான் கண்டது வேறு.

நிஜ அஞ்சலையம்மா அதே புடவையில், மகளைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். மடித்திருந்ததையும் பார்த்திருக்கிறார். செயலாளர் பக்கம் திரும்பவேயில்லை. என்னைத்தான் அண்ணாந்து பார்த்தார்.

"அந்தத் துண்ட வெட்டிக் குடுங்க தம்பி, எங்க வீட்டுல மாட்டிக்கிறோம். பொங்கல் முடியிறவரைக்கும் இவங்க தெருவ இவங்களே கூட்டிக்கட்டும்."

வெட்டிக் கொடுத்தேன். ஒற்றுமை என்பது சட்டத்தின் அளவு தெரியும்வரை எல்லாரும் தாராளமாகப் பேசுகிற விஷயம் என்பதுதான் இந்தத் தொழிலில் நான் கற்றது.