தண்ணிக்காரன் வீட்டுப் புறவாசல் பல்பு

ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், ஏச்சு தினமும் வரும். கோவில்பட்டிக்கும் கடம்பூருக்கும் நடுவே கரிசல்காட்டுக்குள் இருக்கிற எங்கள் ஊரில் பதினாறு வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். மேல்நிலைத் தொட்டியை நிரப்ப வேண்டும், வால்வைத் திருகித் தெருத்தெருவாக விடவேண்டும், அவ்வப்போது மேலே ஏறித் தொட்டியைக் கழுவ வேண்டும். ராத்திரி நாலு தடவை எழுந்து, எழுந்த ஒவ்வொரு தடவையும் ஒரு செம்பு குடித்து, குடித்ததற்காக மறுபடியும் எழுகிற என்னைப் போன்ற சர்க்கரைக்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

பல்பு எரிந்தால் குடம்

ஆற்றுத் தண்ணீர் எங்கள் தொட்டிக்கு எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. பெரும்பாலும் நடுராத்திரியில்தான் வந்து தொலைக்கும். தொட்டியை ஒட்டிய வீடு என்னுடையது. நான் எழுந்து புறவாசல் பல்பைப் போட்டு வால்வுச் சாவியை எடுத்தால் தெருவுக்கே வெளிச்சம் தெரியும். பல்பு எரிந்தால் தண்ணீர் என்பது தெருவின் சட்டமாகிவிட்டது.

போன கோடையில் எனக்கு ராத்திரி ஒன்றுக்குப் போகிற தொல்லை ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கக்கூசும் புறவாசலில்தான். ஒன்றரை மணிக்குப் பல்பைப் போட்டுப் போய்விட்டு வந்தால், தெருக்குழாயில் பன்னிரண்டு குடம் வரிசையாக நிற்கிறது. மூன்று மணிக்கு மறுபடியும் அதே கூத்து. நாலாம் நாள் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் என்னை மறித்தாள். காலை வேனில் தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகிறவள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, தண்ணின்னா லைட்ட எரியவிடுங்க. உங்க சொந்தச் சோலின்னா போட்ட வேகத்துல அணைச்சிருங்க. நாங்க ஒறங்கணும்லா."

வாயடைத்து நின்றவன்

எழுவதைவிடப் பெரிய தொல்லை வாய் காய்வது. எழுந்ததும் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், உதடு பல்லில் ஒட்டிக்கொள்ளும். விழுங்கலாம் என்றால் எச்சில் இருக்காது.

அப்படி ஒரு விடியற்காலையில் மேலத்தெருக்காரர் ஒருவர் ஆள் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அவர்கள் தெருவுக்கு விடவேண்டிய தண்ணீரை நான் ஒரு தோட்டத்துக்குத் திருப்பிவிட்டேனாம். பொய். குழாய் உடைந்திருந்தது, உடைந்த இடம்கூட எனக்குத் தெரியும். பதில் தொண்டை வரைக்கும் வந்தது, வாய்தான் திறக்கவில்லை. உள்ளே போய் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிவருவதற்குள் வழக்கு முடிந்திருந்தது. பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அழுகை வந்தது, அதற்கும் ஈரம் போதவில்லை. போகிறபோது அவர் சொன்னது நன்றாகவே கேட்டது.

"பதில் சொல்ல முடியாம முழிக்கான் பாருங்க. அப்ப திருப்பிவிட்டது நெசந்தான்."

பதநீர்

தாகத்துக்குத் தண்ணீர் அலுத்துப்போய்ப் பதநீருக்கு மாறினேன். சைக்கிளில் கொண்டுவருகிறவரிடம் காலையில் இரண்டு செம்பு. வீட்டில் சீனியை நிறுத்திக் கருப்பட்டிக் காப்பி. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியதே தவிரக் குறையவில்லை. எனக்கே சந்தேகம் வந்து, இது இனிப்புத்தானே, உடம்புக்கு ஆகுமா என்று அவரைக் கேட்டேன். நம்மவர்கள் எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான்.

"மரத்துலருந்து எறங்குனது அண்ணாச்சி, இதுல நானா சீனி அள்ளிப் போட்டேன்?"

தண்ணீரைக் குறைத்தேன்

குடிப்பதால்தானே எழுகிறோம் என்று அடுத்த முட்டாள்தனம் செய்தேன். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் தண்ணீர் கிடையாது. என் வீட்டுக்காரி சண்முகத்தாய் வைத்த செம்பை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவன் நாக்கை மென்றுகொண்டு படுத்திருந்தேன். அப்படியும் அஞ்சு தடவை எழுந்தேன்.

மூன்றாம் நாள் தொட்டி கழுவ ஏறினேன். பாதி ஏணியில் கண் இருட்டியது. ஏணிக் கம்பியைக் கட்டிப்பிடித்து அப்படியே நின்றேன். விழுந்தால் என்ன ஆகும் என்பதைவிட, தலைசுற்றல் இருப்பது பஞ்சாயத்துக்குத் தெரிந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களே என்பதுதான் பயம். கத்தவும் முடியவில்லை, யாரையும் கூப்பிடவும் மனசில்லை. கீழே ஆடு மேய்க்கிறவர் ஒருவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏ தண்ணிக்காரரே, அங்கன இருந்து பாத்தா மேக்க மழை தெரியுதா?"

பேச்சியம்மாள் போட்ட கணக்கு

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பேச்சியம்மாள் வேனுக்குப் போகிற வழியில் என் வாசலில் நின்றாள். அவள் சொன்னபடி நான் போட்டதும் அணைக்கிற பல்பை அவள் ராத்திரிதோறும் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். எனக்குத்தான் அது தெரியாது.

"ராத்திரிக்கு அணைஞ்ச லைட்டு போன மாசம் மூணு, இப்ப அஞ்சு. எங்க ஆத்தாளும் இப்பிடித்தான் எந்திச்சு எந்திச்சு தண்ணி குடிச்சா. நாங்க வயசாயிட்டுன்னு விட்டுட்டோம். கடைசில ஒரு கால எடுத்தாவ. நீங்க ஏணி ஏறுத மனுசன் அண்ணாச்சி, போய் சுகர் பாருங்க. நான் யார்ட்டயும் சொல்லல."

நிரம்பிய தொட்டி

அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. டாக்டர் சின்ன வயசுப் பெண். பதநீர், கருப்பட்டி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது, தாகம் எடுக்கும்போதெல்லாம் குடிக்க வேண்டும், வாய் காய்ந்தால் கொப்பளிக்க வேண்டும், பல்லையும் பாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், சர்க்கரை இறங்கித் தலைசுற்றல் நிற்கும்வரை ஏணிப்பக்கமே போகக் கூடாது என்றார். எதற்காக இத்தனை தடவை எழுகிறேன் என்று கேட்டேன். என் வேலை என்ன என்று முதலில் கேட்டுக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"தொட்டி தாங்காட்டி நீங்க வால்வத் தொறந்துவிடுவீங்கள்ல ஐயா? ரத்தத்துல சர்க்கரை தாங்காம உடம்பும் அதத்தான் செய்யுது. வால்வ அடைக்காதீங்க, சர்க்கரையக் கொறைங்க."

குடமில்லாமல் வந்தவள்

பயந்துகொண்டே பஞ்சாயத்துச் செயலரிடம் உண்மையைச் சொன்னேன். மூன்று மாதம் தொட்டி கழுவ மட்டும் வேறு ஆள் போட்டார், வால்வுச் சாவியைப் பிடுங்கவில்லை. நான் மாத்திரையை நேரத்துக்குப் போட்டேன். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்கே முடித்தேன். சாயங்காலம் பருத்திக்காட்டு வழியில் நடந்தேன். அஞ்சு நாலாயிற்று, நாலு இரண்டாயிற்று. நாக்கு வாய்க்குள் தானாக அசைந்தது. மேலத்தெருக்காரரைத் தேடிப்போய்க் குழாய் உடைந்து ஒட்டுப்போட்ட இடத்தைக் காட்டினேன். குனிந்து ஒட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு நாள் கதவைத் தட்டுகிற சத்தத்தில்தான் கண் விழித்தேன். விடிந்திருந்தது. ராத்திரி ஒரு தடவைகூட எழவில்லை. சண்முகத்தாய் கதவைத் திறக்க, பேச்சியம்மாள் தலைகூட வாராமல் நிற்கிறாள். தண்ணீர் வந்து நான் தூங்கிவிட்டேனோ என்று பதறி எழுந்தேன். அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன், குடம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து குடமில்லாமல் என் வாசலுக்கு ஓடிவந்தவர் யாரும் கிடையாது.

"ராத்திரி பூரா லைட்டே எரியலையே அண்ணாச்சி. தண்ணி கெடக்கு கழுத, ஆளு இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்."

அன்றிலிருந்து சர்க்கரை என்னை எழுப்பாத ராத்திரியிலும், பல்பைப் போட்டு அணைப்பதற்காக ஒரு தடவை எழுந்துகொண்டுதான் இருக்கிறேன்.